குப்பியில் வந்த மடல்கள்: மீவெர்ஸ் என்னும் ஐந்தாண்டு மன்றம்

சென்ற பருவத்தில் இளங்கலை வகுப்பில் சிற்றிலக்கியங்களுள் தூது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அன்னம், கிளி, மேகம், நெஞ்சு, ஏன், தமிழையே தூதாக அனுப்பிய மரபு என்று அடுக்கிக்கொண்டு போகையில், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கண்ணாடிக் குப்பியைத் தூது விட்டதுண்டா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது பள்ளி விடுமுறைக்குக் கனடாவில் தம் மாமா வீட்டுக்குச் சென்றிருந்தாராம். அங்கே ஒரு வீடியோ விளையாட்டில், நாலு வரி எழுதி, குப்பியில் அடைத்து, ஆட்டத்தின் கடலில் எறிந்துவிட்டால், எங்கோ ஆடிக்கொண்டிருக்கும் முகமறியா ஒருவருடைய தீவின் கரையில் அது ஒதுங்குமாம். அவருடைய குப்பி நம் கரைக்கு வருமாம். "இப்போது குப்பி வருவதில்லை ஐயா, நிறுத்திவிட்டார்கள்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள், எழுதியவையெல்லாம் எங்கே போயின என்ற கேள்விகள் நம்மை விடவில்லை. வீடியோ விளையாட்டில் நமக்குப் பயிற்சி இல்லை. கல்லூரி நாட்களில் கடைத்தெருவில் காசு போட்டு ஆடியதோடு சரி. ஆயினும் இலக்கிய வரலாறு கற்பிக்கிறவனுக்கு ஓர் எழுத்துத்தொகுதி தோன்றி மறைந்த கதை அயலான செய்தியாகாது. சில வாரங்கள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவியைக் கன்சோல் என்பர். பிறந்த நாள் முதல் அது கூடத்துப் பொருள். அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பிடி ஏந்தி ஆடியது. தொலைவில் இருப்பவரையும் அந்தப் பாய்க்கு அழைக்கலாமே என்ற எண்ணம் இணையம் பரவலாவதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1994-இல் அமெரிக்காவில் கேட்டபல்ட் என்ற நிறுவனம் எக்ஸ்பேண்ட் என்னும் மோடத்தை விற்றது. சேகா, நின்டெண்டோ கருவிகளில் விளையாட்டு அட்டையைச் செருகும் இடத்தில் முதலில் இதைச் செருகி, இதன்மேல் விளையாட்டு அட்டையைச் செருக வேண்டும். வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இன்னொரு வீட்டுச் சிறுவன் எதிராளியாக வருவான். நம் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. ஆடுவதற்கென்று வந்த அந்தப் பெட்டிக்குள்ளேயே பெயரும் தன்னறிமுகமும் எழுதிக்கொள்ளவும், பிறருக்கு மடல் அனுப்பவும் வசதி செய்திருந்தார்கள். ஆட்டமும் மடலும் முதல் நாளிலேயே சேர்ந்து வந்திருக்கின்றன. 1997-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. தோன்றுவதும் மூடுவதுமான இந்த வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அடுத்து, மொழி ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒன்று. சேகாவின் டிரீம்காஸ்ட் கருவி 1998-இல் ஜப்பானில் மோடத்துடனேயே விற்பனைக்கு வந்தது. 2000 டிசம்பரில் அதற்கென்று வெளியான ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் நால்வர் குழுவாகச் சேர்ந்து கொடிய விலங்குகளை எதிர்க்க வேண்டும். நால்வரில் ஒருவர் ஓசாகாவிலும் ஒருவர் பாரிஸிலும் இருந்தால் எந்த மொழியில் பேசிக்கொள்வது? ஆக்கியோர் ஒரு வழி கண்டார்கள். ஆயத்தமாக வைத்திருக்கும் சொற்களையும் தொடர்களையும் தேர்ந்து ஒருவர் தம் மொழியில் வாக்கியம் அமைத்தால், கேட்பவரின் திரையில் அவருடைய மொழியிலேயே அது தோன்றும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய ஐந்துக்கும் இது செய்யப்பட்டது. 'உதவி வேண்டும்', 'நன்றி' என்பன போன்ற எளிய தொடர்கள்தாம். உடனிருந்து சாகாமல் காப்பதற்கு அவை போதும். உலகப் பொதுமொழி ஆக்க முயன்றவர்கள் பலர். அவர்கள் வரிசையில் இந்த விளையாட்டுக்காரர்களை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்பது நமக்கு வியப்பு.

2002 நவம்பர் 15-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. இதன் புதுமை ஒன்றுதான், ஆனால் பெரிய ஒன்று. அதற்கு முன் ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு பெயர், வேறு நண்பர்கள். இங்கே எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், காதில் மாட்டிப் பேசும் கருவி. ஆட்டம் மாறினாலும் கூட்டாளிகள் மாறவில்லை. 2004 நவம்பரில் வந்த ஹேலோ 2 ஆட்டத்தில், ஒரு போர் முடிந்ததும் குழு கலையாமல் அடுத்த போருக்குச் சேர்ந்தே போகும் ஏற்பாடு இருந்தது. திருவிழாவில் கைகோத்துக்கொண்டு கடைகடையாகச் செல்வதுபோல.

அந்த முதல் எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டது. அன்று நடந்ததைப் படித்தபோது மெய்யாகவே மனம் கனத்தது. புதிதாக எவரும் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்போரை மட்டும் வழங்கி வெளியே தள்ளவில்லை. ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த ஒரு சிலர் இதை உணர்ந்து கருவியை அணைக்கவே இல்லை. நாட்கள் சென்றன. எண்ணிக்கை பதினான்காகச் சுருங்கியது. இணைப்பு அறுந்தோ கருவி பழுதுற்றோ ஒவ்வொருவராக உதிர, மே மாதம் இரண்டாம் வாரத்தில் கடைசி ஆளும் வெளியேறினார். ஏறத்தாழ இருபத்தாறு நாட்கள், ஆளற்ற மன்றத்தில் விளக்கணையாமல் காத்திருக்கிறார்கள்! அவர்களைக் கட்டிப்போட்டது ஆட்டம்தானா என்று நமக்கு ஐயம். ஆட்டம் வட்டில் பத்திரமாக இருந்தது. மறுநாளும் தனியே ஆடலாம்.

இதற்கிடையில் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் பெரிதாக வளர்ந்துவிட்டிருந்தன. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, அதையே கருவிக்குள் கொண்டுவந்துவிடுவோம் என்று மைக்ரோசாஃப்ட் கருதியது. 2009 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-இல் அவ்விரண்டும் சேர்க்கப்பட்டன. கைப்பிடியின் பொத்தான்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடி நிலைச்செய்தி எழுதுவது எவ்வளவு இன்பமாக இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம். 2012-இல் அவை விலக்கப்பட்டன. சோனி வேறு வழியில் சென்றது. 2008 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3-இல் ஹோம் என்றொரு மாய நகரைத் திறந்தது. ஆளுக்கோர் உருவம், வீடு, கடை, சதுக்கம் எல்லாம் உண்டு. அங்கே பந்துருட்டும் கூடத்தில் இடம் காலியாகும்வரை மாய உருவங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பதைப் படித்து நாம் வாய்விட்டுச் சிரித்தோம். வரிசை இல்லாத உலகைக் கற்பனை செய்யக்கூட மனிதனுக்கு வரவில்லை போலும். 2015 மார்ச் இறுதியில் அந்நகரும் மூடப்பட்டது.

இனி நம் மாணவர் சொன்ன குப்பிக்கு வருவோம். அதைச் செய்தது கியோட்டோ நகரத்து நின்டெண்டோ.

இந்நிறுவனம் இணையத்தைக் கண்டு அஞ்சிய நிறுவனம் என்றே சொல்லவேண்டும். அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதன் கருவிகளைக் கையாண்டவர்களில் பெரும்பங்கினர் சிறுவர். 2005 முதல் அது நண்பர் எண் என்றொரு முறையைக் கையாண்டது. பன்னிரண்டு இலக்க எண்ணை இருவரும் ஒருவருக்கொருவர் நேரில் சொல்லி, இருவரும் பதிந்துகொண்டால்தான் நட்பு. ஆட்டத்துக்கு ஆட்டம் எண் வேறு. உலகமே நகைத்தது. எனினும், 3டிஎஸ் கைக்கருவியில் கையெழுத்து மடல் அனுப்பும் வசதியை 2013 அக்டோபர் 31 அன்று அந்நிறுவனமே முடக்க நேர்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். சிறுவர் சிலர் தம் நண்பர் எண்ணைப் பொதுவில் வெளியிட்டு, அறிமுகமில்லாதவரோடு தகாத படங்கள் பரிமாறப்பட்டதே காரணம். அச்சத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை.

இத்தகைய நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாட்டா 2012 ஜூன் 3 அன்று ஒரு காணொளியில் தோன்றி, வரவிருந்த வீ யூ கருவியை அறிமுகப்படுத்தினார். இவாட்டா நிரல் எழுதிப் பழகி வந்தவர். தலைமைப் பொறுப்பு பின்னால் வந்தது. விற்பனை உரையில் யாரும் எதிர்பாராத வண்ணம் அவர் ஷெர்ரி டர்க்கிளின் நூலைக் குறிப்பிட்டார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியரான டர்க்கிள், ஒரே அறையில் கூடியிருந்தும் ஆளுக்கொரு திரையில் மூழ்கித் தனித்திருக்கும் நம் காலத்து நிலையை 2011-இல் ஒரு நூலாக எழுதியிருந்தார். குடும்பம் கூடும் கூடத்தில் இந்தத் தனிமையை எப்படிப் போக்குவது என்பதே இவாட்டா எடுத்துக்கொண்ட வினா. திரையால் வந்த தனிமைக்கு இன்னொரு திரையா மருந்து என்று கேட்கத் தோன்றும், நமக்கும் தோன்றியது. ஆனாலும் விற்க வந்தவர் அவ்வினாவை மறைக்காமல் முன்வைத்தார் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறோம்.

அவர் அறிமுகப்படுத்திய மன்றத்தின் பெயர் மீவெர்ஸ். கியோட்டோவைச் சேர்ந்த ஹதேனா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. 2012 நவம்பரில் வீ யூ கருவி வெளிவந்த நாளிலிருந்து அது இயங்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் 3டிஎஸ் கருவிக்கும் வந்தது. கருவியை இயக்கியவுடன் ஒரு சதுக்கம் தோன்றும். ஒவ்வோர் ஆட்டத்தின் சின்னத்தைச் சுற்றியும் சிறுசிறு பொம்மை மனிதர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஒவ்வொன்றும் எங்கோ இருக்கும் ஓர் ஆட்டக்காரரின் உருவம்; தலைக்கு மேலே அவர் எழுதிய வரி மிதக்கும். கரடுமுரடான ஒரு கட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவைத்து, அந்த ஆட்டத்துக்கான மன்றத்தில் புலம்பலாம். அதே இடத்தில் தோற்ற இன்னொருவர் வழி சொல்வார்.

எழுத்தானால் நூறு எழுத்துக்குள் முடிக்க வேண்டும். படமானால் பட்டையான ஒரு சிறு கட்டம், அகலம் 320 புள்ளி, உயரம் 120 புள்ளி. கருப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை. கருவியோடு வந்த சிறு கோலால் திரைமேல் கையாலேயே எழுதலாம், வரையலாம். குறளின் ஏழு சீரையும் வெண்பாவின் நாலடியையும் அறிந்த நமக்கு, எல்லை குறுகினால் கை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாம்பல் நிறம் இல்லையா? புள்ளிகளை அடர்த்தியாகவும் கலைவாகவும் இட்டு நிழலை வருவித்தார்கள். மணிக்கணக்கில் புள்ளி வைத்து வரைந்த படங்களைப் பார்த்தபோது செப்பேட்டில் கீறிய சித்திரங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. அருகிலேயே ஐந்து வயதுப் பிள்ளையின் கோணல்மாணல் கிறுக்கல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். ஜப்பானியப் பதிப்பில் அப்பொத்தானின் சொல் 'சோ தா நே'. 'ஆமாம், அப்படித்தான்' என்று உடன்பட்டுத் தலையசைக்கும் சொல். 'விரும்புகிறேன்' என்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது என்னைப் பற்றிய சொல்.

பிள்ளைகளின் வெகுளித்தனத்துக்கு ஒரு சான்று உலகப் புகழ் பெற்றது. 1986-இல் வெளிவந்த மெட்ராய்டு என்னும் பழைய ஆட்டம் 2013-இல் வீ யூ கருவிக்கு வந்தபோது, புதிதாக ஆடவந்த ஒருவர், மெட்ராய்டால் ஏன் தவழ முடியவில்லை என்று கேட்டு எழுதினார். மெட்ராய்டு என்பது கதையில் வரும் வேற்றுலக உயிரியின் பெயர்; நாயகியின் பெயர் சாமஸ். அவள் தவழ்வதில்லை, தாழ்ந்த வழிகளில் பந்தாகச் சுருண்டு உருள்வாள், அதற்கான பொருளை முதலில் தேடி எடுக்க வேண்டும். ஒரே கேள்வியில் இரண்டு பிழை. முன்னோடிகள் கூடி நகையாடினார்கள். கேள்வி இணையம் முழுதும் பரவியது. நம் வகுப்பறையில் நாம் சிரித்த சிரிப்பு இந்த இடத்தில் நினைவுக்கு வந்து சற்றே உறுத்தியது.

ஆட்டங்களை ஆக்கியோர் இம்மன்றத்தைத் தம் கதைக்குள்ளேயே இழுத்துக்கொண்டது தனி அழகு. 2015-இல் வந்த ஸ்பிளாட்டூன் என்ற ஆட்டத்தில் நகரச் சுவர்களில் ஆட்டக்காரர்கள் வரைந்தவையே சுவரோவியங்களாகத் தோன்றின. குப்பி மிதந்த கடல் 2013-இல் புதுப்பித்து வெளியான தி விண்ட் வேக்கர் ஆட்டத்தினுடையது. செல்டா கதைவரிசையைச் சேர்ந்தது. முதற்பதிப்பு 2002-இல் வந்தது. மலைகள்வரை மூழ்கிப்போன ஓர் உலகம், சிறு சிறு தீவுகள், நடுவே படகில் ஒரு சிறுவன். அவ்வளவு தண்ணீரும் அவ்வளவு தனிமையுமாக இருந்த அந்தக் கடலில் நெடும்பொழுது பாய் விரித்து ஓட வேண்டும். சிறையில் கிடக்கும் டிங்கிள் என்னும் கோமாளியை விடுவித்தால் அவன் ஒரு குப்பி தருவான். அதில் எழுதி அடைத்துக் கடலில் எறியலாம். ஏதோ ஒரு தீவில் கரையோரம் மினுங்கும் குப்பியை எடுத்துத் திறந்தால் யாரோ ஒருவர் எழுதிய வரி. நம் தூது இலக்கியத்தில் அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்பது தெளிவு. பாட்டுடைத் தலைவனிடம் மாலை வாங்கி வரவே தூது செல்லும். பெறுகிறவர் இன்னார் என்றில்லாத தூது இது. மாணவர் கேள்விக்கு அன்றே இந்த விடையைச் சொல்லியிருக்கலாம். அன்று நமக்குத் தெரியவில்லை.

2015 ஜூலை 11 அன்று இவாட்டா தம் 55-ஆம் வயதில் காலமானார். செய்தி வெளியானதும் மீவெர்ஸ் முழுதும் அவர் உருவத்தை வரைந்து நிரப்பினார்கள். அவர் கட்டிய மன்றத்தில், அவர் கொடுத்த கருப்பு வெள்ளைக் கட்டத்துக்குள், அவருக்கே கையறுநிலை. பெரும்பாலோர் அவரை ஒருமுறையும் நேரில் கண்டிராதவர்.

மன்றத்தின் முடிவு இதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது எனலாம். காரணம் வணிகம். முந்திய வீ கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்றது. வீ யூ மொத்தமே 1 கோடியே 35 இலட்சம் அளவில் நின்றுபோனது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் கருவியில் மீவெர்ஸ் இல்லை. படத்தை ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ பகிர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சொந்த மன்றம் நடத்தக் காவலர் வேண்டும், வழங்கி வேண்டும், பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் நாளெல்லாம் விழித்திருக்க வேண்டும். இரவல் மன்றத்தில் இந்தச் சுமை இல்லை. ஆனால் இரவலுக்கும் ஆயுள் அதிகமில்லை என்பதைப் பின்னர் கண்டோம். ட்விட்டர் கைமாறி எக்ஸ் என்று பெயர் மாறியபின், எக்ஸ்பாக்ஸிலிருந்தும் பிளேஸ்டேஷனிலிருந்தும் அதற்கு நேரே அனுப்பும் வசதி 2023-இல் நீங்கியது. ஸ்விட்சில் 2024 ஜூன் 10 அன்று நின்றது.

மீவெர்ஸ் மூடப்படும் என்ற அறிவிப்பு 2017 ஆகஸ்டு இறுதியில் வந்தது. கெடு நவம்பர் 8. ஏறத்தாழ பத்து வாரம். தாம் எழுதியதைப் படியெடுத்துக்கொள்ள விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றது நிறுவனம். இது குறைந்தபட்ச நாணயம். அதற்கு மேல் பாராட்ட நமக்கு மனமில்லை. தனித்தனியே ஆளாளுக்குக் கிழித்துக் கொடுத்தால் அது நூலாகாது. கேட்டவரும் விடை சொன்னவரும் அருகருகே இருந்தால்தானே அது மன்றம்? ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் கூட்டம் இதை உணர்ந்திருந்தது. மூடப்படும் இணையத்தளங்களை மூடுமுன் படியெடுப்பதே இவர்கள் வேலை. ஊதியமில்லை. பொதுவில் இருந்த பதிவுகளையும் படங்களையும் அவற்றின் கீழிருந்த மறுமொழிகளையும் பக்கம் பக்கமாக எடுத்துவைத்தார்கள். கோடிக்கணக்கான பதிவுகள்; அளவு ஏறத்தாழ 17 டெராபைட்.

ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளையும் கறையானுக்கு இரையான சுவடிகளையும் பற்றிப் பேசும்போதெல்லாம், முன்னோர் அறியாமல் செய்த பிழை என்று வகுப்பில் சொல்லிவருகிறோம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது ஓலைகளில் ஒரு பகுதியாவது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததால். மீவெர்ஸில் எழுதியவருக்குப் பரண் இல்லை. எழுதிய கணமே ஏடு நிறுவனத்தின் அறைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கிறுக்கியதற்கு இவ்வளவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பானை ஓட்டில் தன் பெயரைக் கீறிவைத்த எவனோ ஒருவனுக்காக நாம் அகழாய்வுக் குழிகளில் ஏன் இறங்குகிறோம் என்று திருப்பிக் கேட்டோம். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வீ யூ, 3டிஎஸ் கருவிகளில் எஞ்சியிருந்த இணைய ஆட்டங்களும் 2024 ஏப்ரலில் நின்றன. பிரெட்டென்டோ என்ற பெயரில் தன்னார்வலர் சிலர் மாற்று வழங்கிகள் அமைத்து இயன்றதை மீட்டு வருகிறார்கள். மற்றபடி, வட்டு வைத்திருப்பவர் வீட்டில் விண்ட் வேக்கரின் கடல் இன்றும் அலையடிக்கிறது. டிங்கிளும் சிறையில்தான் இருக்கிறான்.

சென்ற வாரம் அம்மாணவரை அழைத்து, எடுத்துவைக்கப்பட்ட பக்கங்கள் சிலவற்றைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எறிந்த குப்பியின் வரிகளும் இவற்றுள் இருக்கக்கூடுமே, தேடலாமா என்றோம். என்ன எழுதினோம் என்பது நினைவில் இல்லை என்றார். பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும், கணக்கோ மாமாவின் பெயரில் இருந்தது, மாமா என்ன பெயர் வைத்திருந்தார் என்பதும் தெரியாது. "ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேட்டு வருகிறேன் ஐயா" என்று சொல்லிப் போயிருக்கிறார்.